நாற்பது செக்கன் தப்பு

பேண்ட் ரசிகர்களைப் போல ஒரு வெட்டிக் கூட்டம் கண்டியில் வேறு எதுவும் இல்லை. கிரிக்கெட் பார்க்கிறவனாவது சின்ன வயதில் ஒரு தடவை மட்டையைப் பிடித்திருப்பான். பாடசாலைப் பேண்ட் போட்டிகளுக்கு வந்து சீமெந்துப் படியில் குந்துகிற எங்களில் முக்கால்வாசிப் பேர் ஆயுளில் ஒரு ட்ரம் குச்சியைத் தொட்டதில்லை. ஆனால் கருத்து மட்டும் ஆளுக்கு ஒரு மூட்டை வைத்திருக்கிறோம். அதை வட்ஸ்அப் குழுவில் கொட்டாவிட்டால் எங்களுக்குத் தின்ற ரோல்ஸ் செரிக்காது.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக நானும் அந்தப் படியில் குந்துகிறவன்தான். அப்படி நான் சொன்ன கருத்து ஒன்று, என் மகளுடைய டிஸ்ப்ளேயிலிருந்து நாற்பது செக்கனை வெட்டிப் போட்டது. அவளே உருவாக்கிய நாற்பது செக்கன். அவள் அதை மறந்திருப்பாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளத் தயாரில்லை.

டிஸ்ப்ளே என்பது பேண்ட் பிள்ளைகள் மைதானத்தில் வாசித்துக்கொண்டே நடந்து, வரிசை பிரிந்து, வரிசை சேர்ந்து, உருவங்கள் அமைத்துக் காட்டும் எட்டு நிமிடம். முந்தி இதில் வம்பு இல்லை. நட்சத்திரம் ஒன்று, நங்கூரம் ஒன்று, கடைசியில் பாடசாலைப் பெயரின் முதல் எழுத்து. அந்த எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கோணலாகத்தான் இருக்கும், எல்லாரும் கை தட்டிவிட்டுப் போவோம். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அமெரிக்க ட்ரம் கோர் போட்டிகளை யூடியூப்பில் பார்த்துத் தொலைத்தான். அன்றோடு எல்லாருக்கும் ‘தீம்’ வேண்டும் என்றாகிவிட்டது. புகை மெஷின் வந்தது. தெர்மகோல் மலை வந்தது. ஒரு பாடசாலை கடலைக் காட்டுகிறோம் என்று நீலப் பொலித்தீனை விரித்து, மூன்று டிரம்பட் பிள்ளைகளை அதில் வழுக்கி விழ வைத்தது. வடிவமைத்தவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

படியில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா. அவருக்கு உடுப்பு மட்டும்தான் தெரியும். சப்பாத்தில் சேறு பட்டால் அந்தப் பேண்ட் தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ட்ரம் அடிக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். தாளத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் முக்கால் மணித்தியாலம் சொல்லுவார். மூன்றாவது ஆள் நான். நில அளவைக் கந்தோரில் படவரைஞர். ஒரு வரிசை அரை அடி வளைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எங்களுக்கு ஆடவும் தெரியாது, மேடையும் எங்களுடையது இல்லை, ஆனால் கோணலை அளந்து சொல்ல மூன்று நிபுணர்கள்.

இருவருக்கும் என் ஊர் தெல்தோட்டை என்று தெரியும். தெல்தோட்டையில் கடைத்தெரு இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. அதில் எது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு தடவை மனேஜர், “தோட்டக்காட்டுப் பெடியள் எல்லாம் இப்ப கந்தோருக்கு வந்திட்டாங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன். லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன் சிரித்த சிரிப்பு அது. நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மாகாணப் போட்டிக்கு மகளின் பாடசாலை எடுத்த தீம் ‘மலைநாட்டில் ஒரு நாள்’. அவள் சைட் ட்ரம் அடிக்கிறாள். தோளில் மாட்டி இரண்டு குச்சியால் அடிக்கும் அந்தச் சின்ன ட்ரம்தான். வீட்டில் டிஸ்ப்ளே பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள், வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். சொந்த மகளின் பேண்ட் என்றாலும் தயவு காட்ட மாட்டேன் என்று நான் குழுவில் முன்கூட்டியே அறிவித்திருந்தேன். அந்த அறிவிப்புக்கு நிறையக் கை தட்டல் பொம்மைகள் விழுந்தன.

முதலில் புகை. பிறகு கொழுந்துக் கூடை. டவுனில் வளர்ந்த பிள்ளைகள் கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் புத்தகப் பை மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தன.

“என்ன சேர் இது, கூடயத் தூக்கிட்டு வந்தீக்குதுகள்?” என்றார் நானா. “கொழுந்து பறிக்கவா போற? சப்பாத்தப் பாருங்க, ஒண்டும் மினுங்கல்ல.”

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்பட்டுகள் சட்டென்று நின்றன. கொடி பிடித்த பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டன. பன்னிரண்டு சைட் ட்ரம் மட்டும் நடுவில் வந்து நின்றன. சைட் ட்ரம்மின் அடித்தோலில் கம்பிகள் உண்டு, அவைதான் அந்தச் சரசர சத்தத்தைக் கொடுப்பவை. பிள்ளைகள் அந்தக் கம்பிகளைத் தளர்த்திவிட்டிருந்தன. வந்தது வெறும் தோலின் சத்தம். மொத்தை மொத்தையாக, ஒரு பக்கம் இழுத்து, நொண்டி நொண்டி ஓடுகிற ஒரு அடி.

எனக்குக் கால் கூசியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“என்ன சேர், எழும்பிட்டீங்க? போறயா?” என்று நானா கேட்டார்.

மனேஜர் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், “டைமிங் போச்சுது. உது நாப்பது செக்கனும் தப்பு” என்றார்.

தப்பு என்று அவர் பிழையைச் சொன்னார். நான் தோற்கருவியைக் கேட்டேன். ஏன் எழுந்தேன் என்று இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். என்னை எழுப்பியதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு, போனைத் தூக்கிக் குழுவுக்கு ஒரு வொய்ஸ் கட் போட்டேன்.

“மத்ததெல்லாம் பரவால்ல. நடுவுல ட்ரம் மட்டும் அடிச்சாங்களே நாப்பது செக்கன், அது சாவு வீட்டுத் தப்பு மாதிரி இருந்திச்சு. பாடை ஒண்ணுதான் கொறச்சல். அடுத்த போட்டிக்கு மறக்காம அதையும் கொண்டாங்க.”

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று முழுக்க என் போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளின் பேண்ட் மூன்றாமிடம் எடுத்து இறுதிப் போட்டிக்குத் தெரிவானபோதும், என் விமர்சனம் இல்லாவிட்டால் இரண்டாமிடம்கூட எடுத்திருப்பார்கள் என்று ஒருவர் எழுதினார். நடுவர்கள் என் போனைக் கேட்டுக்கொண்டா மார்க்ஸ் போட்டார்கள்? இந்த அளவுக்குத்தான் எங்கள் அறிவு.

அடுத்த வாரம் பிரக்டிஸ் முடிந்து மகள் நனைந்து வந்தாள். குச்சிகளை அலுமாரிக்கு மேலே போட்டாள். எப்போதும் துணியால் துடைத்துத்தான் வைப்பாள்.

“நடுவுல இருந்த ட்ரம் பார்ட்ட எடுத்துட்டாங்கப்பா.”

“நல்ல வேல செஞ்சாங்க” என்றேன்.

அவள் போனை எடுத்து என் வொய்ஸ் கட்டையே எனக்குப் போட்டுக் காட்டினாள். எந்தப் பழைய மாணவியோ அதைப் பேண்ட் மிஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறாள். மிஸ் அதை ‘வெளியாட்களின் கருத்து’ என்று சொல்லிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நடுவில் சத்தமாகப் போட்டிருக்கிறார். பாடை வந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. அது அப்பாவின் குரல் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“அந்தப் பார்ட்ட செஞ்சது யாரு தெரியுமா? நான். மிஸ் எனக்குன்னு குடுத்த எடம்.”

“நீ எங்கருந்து புடிச்ச அத?”

“உங்ககிட்டருந்துதான். காலையில குளிக்கப் போகமுன்ன வாளியில தட்டுவீங்களே, அது. ஒளிஞ்சி நின்னு ரெக்கோட் பண்ணேன்.”

நான் தட்டுவதா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “கல்யாணம் முடிச்ச நாள்லருந்து தட்டுறீங்க. சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னுதான் நான் சொல்லல.”

மகள் அந்த ரெக்கோடிங்கைத் தெல்தோட்டையில் இருக்கும் என் அக்காவுக்குப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மூன்று அடி கேட்டதுமே அக்கா, “இது பெரட்டுத் தப்புடி” என்றிருக்கிறாள்.

பெரட்டு என்பது வெள்ளைக்காரனின் பரேட். விடிய முன்னம் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர் அது. அதற்கு ஆட்களை எழுப்ப லயத்துக்கு லயம் தப்பு அடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு ஏழெட்டு வயது வரைக்கும் அது இருந்தது, பிறகு தொழிற்சாலைச் சங்கு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. அது எங்கள் அம்மாவை மழைக்குள் துரத்திய சத்தம். காய்ச்சலோடும் அவள் அதற்கு எழும்பினாள். பிந்திப் போனால் கங்காணி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்புவான், அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. அதை மறப்பதற்குத்தான் நான் படித்தேன், டவுனில் வீடு எடுத்தேன், மனேஜர் சிரித்தபோது சிரித்தேன். கை மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது.

“அத்தை ஒண்ணு சொன்னாங்க” என்றாள் மகள். “உங்கப்பன் இதுக்கு எந்திரிக்கவே மாட்டான், போர்வைய இழுத்து மூடிக்குவான்னு.”

பிறகு அவள் என்னிடம் ஒரு உதவி கேட்டாள். அவள் அதிகம் கேட்கிற பிள்ளை இல்லை.

“இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் இருக்குப்பா. இன்னொரு வொய்ஸ் போடுங்க. அது சாவு மேளம் இல்ல, பெரட்டுத் தப்புன்னு மட்டும் சொல்லுங்க. எங்க லயத்துல அடிச்சதுன்னு சொல்லுங்க. மிஸ் திரும்ப வச்சிருவாங்க.”

“பாப்போம்” என்றேன்.

பத்து நாளும் பார்த்தேன். கந்தோரில், பஸ்ஸில், குளிக்கும் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தேன். ‘எங்க லயத்துல’ என்று சொல்ல வாய் வரவில்லை. நானாவும் மனேஜரும் கேட்பார்களே. அதைவிடக் கேவலமாக, வடிவமைப்பு என்று பார்த்தால் அந்தப் பகுதி டிஸ்ப்ளேயின் ஓட்டத்தைக் கெடுக்கத்தான் செய்தது என்று எனக்கு நானே ஒரு நியாயம் தயாரித்துக்கொண்டேன். படவரைஞனுக்குக் கோடு போடத் தெரியாதா என்ன! மகள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இறுதிப் போட்டியில் அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு இருந்தது. கொடிகள் சுழன்றன, புகை இரண்டு மடங்கு. அவள் அடித்தாள். ஒரு அடி பிழைக்கவில்லை, முகத்தில் ஒன்றும் இல்லை, கூலிக்கு வந்த ஆள் அடிப்பது போல அடித்துவிட்டு நின்றாள். மைதானம் ஆர்ப்பரித்தது.

“ஓம், இப்பதான் டிஸ்ப்ளே மாதிரிக் கிடக்கு” என்றார் மனேஜர். அது சாவு மேளம் இல்லை ஐயா என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் ரோல்ஸைக் கடித்தேன்.

அவர்கள் இரண்டாமிடம் எடுத்தார்கள். மகளைக் கூட்டிப்போக நான் இறங்கியபோது நானாவும் பின்னாலேயே வந்தார். பேண்ட் மிஸ்ஸைக் கண்டதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மிஸ், அந்த பாடை வொய்ஸ் போட்டது இவர்தான். எங்கட ஆள்.”

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. “ஐயோ சேர், நீங்களா? உங்களால தான் நாங்க அந்தப் பார்ட்ட மாத்தினோம். அடுத்த வருஷம் தொடக்கத்துலயே பிரக்டிஸுக்கு வாங்க சேர். உங்க கருத்தக் கேட்டுத்தான் எல்லாம் செய்யணும்.”

மகள் பக்கத்தில் ட்ரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“எங்கப்பாதான் மிஸ் அது. அவருகிட்டக் கேக்காதீங்க. அவருக்குக் காது கேக்காது.”

மிஸ்ஸுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. முகத்தில் உடனே ஒரு இரக்கம் வந்தது. கிட்டே வந்து, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, “பிள்ளை நல்லா அடிக்கிறா சேர்!” என்று கத்தினார்.

நான் செவிடனைப் போலவே சிரித்துத் தலையாட்டினேன்.