பாக்கெட்டுக்குள் ஒரு கை

சிதம்பரத்தில் வீடியோ கேம் ரிப்பேர் பார்ப்பவர் அவர். ஒல்லியான ஆள், கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறியிருக்கும். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும். மிச்ச வேலையெல்லாம் வலது கைதான். திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அண்ணாமலை நகரிலிருந்து மகளின் கேமை எடுத்துப் போயிருந்தேன். ஒருமுறை செருகிப் பார்த்தவர், பிளக்கைப் பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டுத்தான் அதைத் திறந்தார். உள்ளே தூசி பந்துபோல் கிடந்தது. சின்ன வயதில் கேசட் போடும் கேமை நானே எத்தனையோ தடவை பிரித்துத் துடைத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் விரலை நீட்டினேன்.

அவர் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு வலித்தது.

“கரண்ட்டுதான் இல்லியே” என்றேன்.

இரண்டு ஒயர் கட்டிய குண்டு பல்பை எடுத்து, ஒயர் முனைகளை ஒற்றைக் கையால் உள்ளே வைத்தார். பல்பு பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்தது. பிளக் மேஜைமேல்தான் கிடந்தது.

“அப்பல்லாம் அடாப்டரு தனியா செவுத்துலயே தொங்கும். இப்ப பொட்டிக்குள்ளயே வந்துட்டுது. புடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் உள்ள கரண்ட்டு நிக்கும் சார்.”

“அந்தக் கை?”

“ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியா போவும். எத்தினி வருசம் ஆனாலும் பயந்தான் சார்.”

வீட்டில் கேமை மாட்டிக் கொடுத்தேன். மகள் கையில் இருப்பது ஒயரே இல்லாத ரிமோட், ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்தபோது, என் இடது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.