ஆடி முடியட்டும்

அஸ்தினாபுரத்து வீட்டை விட்டு நான் இறங்கியது ஆடி மாதத்தில். இடுப்பில் நான்கு வயது மகள், கையில் ஒரே ஒரு பை. "இன்னாம்மா, ஆடிக்கு அம்மா வூட்டுக்கா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தாள். புதுப்பெண்ணைத்தான் ஆடிக்கு அழைத்துப் போவார்கள். ஆறு வருடம் குப்பை கொட்டியவளை யார் அழைப்பார்கள்? சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அனகாபுத்தூரில் ஒரு மாடி அறை கிடைத்தது. வேலை சிறுசேரியில், ஒரு கம்பெனியின் வரவேற்பு மேஜையில். மாதக் கடைசியில் மகளின் பால் அரை டம்ளராகிவிடும். டம்ளரைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

கிழக்குத் தாம்பரத்து வக்கீல் அக்கா ஜீவனாம்ச மனுவை ஒரே வாரத்தில் தயார் செய்துவிட்டார். "இன்னைக்கே ஃபைல் பண்ணிடலாம்மா. மனு போட்ட தேதியிலேர்ந்துதான் கிடைக்கும். முன்னாடி போன மாசமெல்லாம் போனதுதான்."

"ஆடி முடியட்டும் அக்கா."

"இது என்ன கல்யாணமா, நாள் பார்க்க?"

ஆடி முடிந்தது. ஆவணியில் மகளுக்குக் காய்ச்சல். பிறகு புரட்டாசி, பிறகு மார்கழி என்று ஏதாவது ஒன்று. மனு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. உண்மையில் நான் வெள்ளிக்கிழமை நகம் வெட்டுகிறவள். நாளும் கிழமையும் சும்மா ஒரு சாக்கு. என் கணவர் வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

காலையில் கம்பெனி வேனில் ஜன்னலோரம் கண் சொக்கும். மேடவாக்கம் வருவதற்குள் அவருடைய பைக் எங்கள் வாசலில் வந்து நின்றுவிடும். படியேறி வருவார். மகளைத் தூக்கிக்கொள்வார். வேகத்தடையில் வேன் குலுங்கும், விழித்துக்கொள்வேன். தூக்கம் கலைந்த எரிச்சல் வராது. மறுநாள் எப்போது வேனில் ஏறுவோம் என்றிருக்கும். பதினான்கு மாதங்கள் இப்படியே மிதந்து போயின.

ஒரு நாள் காலையில் மகள் அரை டம்ளர் பாலை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேணாம்மா. பால் பிடிக்கல." பொய் சொல்லும்போது அவளுக்கும் என்னைப்போல மூக்கு சிவக்கும். அன்றே லீவு போட்டு மனுவை எடுத்துக்கொண்டு போனேன். அது அடுத்த புரட்டாசி.

சில மாதங்கள் கழித்து கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. மனு போட்ட நாளிலிருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களும் வக்கீல் அக்கா சொன்னது போலவே போனதுதான்.

வெளியே, டீக்கடை பக்கத்தில் அவர் வந்து நின்றார். இளைத்திருந்தார். "நானே வந்து கூப்பிடணும்னுதான் இருந்தேன். ஆடியில போய்க் கூப்பிட்டா நல்லா இருக்காது, ஆடி முடியட்டும்னு பார்த்தேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கினு வர்றதுன்னு விட்டுட்டேன்."

"ஆடின்னா கொழந்தைக்குப் பசிக்காதா?" என்று கத்திவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்தக் கேள்வி என்னையே கேட்டுக்கொண்டு வந்தது.

அன்று மாலை டம்ளர் தளும்பப் பால் காய்ச்சி வைத்தேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எனக்குத்தான் பால் பிடிக்காதேம்மா."

மூக்கைப் பார்த்தேன். சிவக்கவில்லை.