லேத்துக்காரர் கடித்த தட்டு

பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியே காதைத் தொலைத்தவர் லேத்துக்காரர். பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்புவார், அதுவும் மனசிருந்தால். காதில் மாட்டுகிற மெஷின் அலமாரியில் தூங்குகிறது. "அதைப் போட்டா வேண்டாத சத்தமெல்லாம் கேக்குது, வேண்டியது மட்டும் கேக்கல" என்பது அவர் கட்சி.

ஆனால் கடலை மிட்டாய் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணமான புதிதில் தொற்றிக்கொண்ட ஆசை. அவர் அடுப்பைப் பற்றவைத்தால் மனைவிக்குச் சமையலறையில் கால் வைக்க இடமிருக்காது. கடலையை வறுத்து, தேய்த்து, தோலை ஊதிவிட்டு, வெல்லப் பாகைக் காய்ச்சுவார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி எவர்சில்வர் தட்டில் போடுவார். 'டங்' என்று சத்தம் வந்தால் பதம். உடனே கடலையைக் கொட்டிக் கிளற வேண்டும். முந்தினால் ஜவ்வு, பிந்தினால் கசப்பு.

வினை அந்த 'டங்'கில்தான் வந்தது. காது மங்கிப்போனதை மனுஷன் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, தட்டிடம்கூட. குத்துமதிப்பாக இறக்கிய மிட்டாயை, போன தடவை வந்திருந்த சகலை ஒரு கடி கடித்தார். மிட்டாய் பல்செட்டை விடவில்லை. இரண்டும் ஒன்றாக வெளியே வந்துவிட்டன. வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லேத்துக்காரரின் மானம் கப்பலேறியது.

இப்போது சகலை மறுபடியும் வருகிறார். மனைவி நேரெதிரே வந்து நின்று, வாயசைவு புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"இந்தத் தடவை கடையில வாங்கிக்கலாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"ஒரே ஒரு தடவை பாக்கறேன். சொதப்பினா அப்புறம் அடுப்புப் பக்கமே வரமாட்டேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பாகு கொதித்தது. ஒரு சொட்டை உருட்டித் தட்டில் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் காதோடு ஒட்டிவைத்துப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். நிஜமாகவே பயந்துபோனார். இத்தனை வருஷப் பேர் இன்றோடு போய்விடும் போலிருந்தது.

அப்போதுதான் பட்டறை ஞாபகம் வந்தது. மெஷினில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார். உள்ளே நடக்கிற உறுமல் நேராக மண்டைக்குள் கேட்கும். அதற்குக் காதே வேண்டாம்.

அடுப்பைத் தணித்துவிட்டு, தட்டின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டார். அடுத்த சொட்டு மெத்தென்று விழுந்தது. பொறுத்தார். இன்னொன்று போட்டார். அதுவும் மந்தம். அதற்கடுத்தது பல் வழியாக இறங்கி மண்டை முழுக்க 'டங்' என்றது. சத்தமே மறந்துபோன மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டிப் பார்த்த மனைவி திகைத்து நின்றார். "பசிச்சா சொல்லக் கூடாதா? தட்டையேவா கடிப்பீங்க?" அது அவருக்குக் கேட்கவில்லை; கடலையைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்.

மாலையில் சகலை வந்தார். மிட்டாய்த் துண்டை எடுப்பதற்கு முன் பல்செட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"சகலை, இன்ஷூரன்ஸ் எல்லாம் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

லேத்துக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சகலை கடித்தார். அங்கே, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்ட 'மொறுக்'குக்கு மனைவி சட்டென்று திரும்பினார்.

சகலையின் கை இரண்டாவது துண்டுக்கு நீண்டது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு துண்டை வாயில் போட்டு நொறுக்கிவிட்டு, கணவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"இனிமே கடையில வாங்கவே வேண்டாங்க."

அந்த வாயசைவு ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"காது கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."