இடதுகால் தர்மம்

அந்தச் செருப்புக் கடையில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் நாலடி வைப்பதற்குள், முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஏழு. ஆனா ஆறுதான் கேப்பாங்க" என்று முணுமுணுப்பார். அப்படியேதான் நடக்கும். கால் அளவைக் குறைத்துச் சொல்வதில் மனிதர்களுக்கு என்ன லாபம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கல்யாணத்தன்று ஊரே மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மாடலாக இருந்தாலும் கண்ணாடி ஷோகேஸில் வலதுகால் ஷூவை மட்டும்தான் வைப்பார்கள். ஒற்றை ஷூவை எவனும் திருட மாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. காலை நீட்டச் சொன்னால் ஜனங்கள் வலதுகாலைத்தான் நீட்டுவார்கள் என்பது இன்னொரு கணக்கு. ஆனால் வெயிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே. கண்ணாடி வழியாக அடித்து அடித்து வலதுகால் ஷூவை வெளுக்க வைத்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் இடதுகால் ஷூவோ புத்தம் புதிதாகப் பளபளக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஜோடி என்று யாரும் நம்ப மாட்டார்கள். வெளுத்தது குப்பைக்குப் போகும், புதியது குடோனுக்குப் போகும். இப்படியே குடோனில் இடதுகால் ஷூக்கள் மலையாகக் குவிந்து கிடந்தன.

அவருடைய சித்தப்பா மகள் கடல் கடந்து ஒரு பிள்ளைகள் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். பலருக்கு நடக்க முடியாது, சிலருக்கு ஒரு கால்தான். ஒரு காலுக்காக ஜோடி வாங்க வேண்டியிருக்கிறது என்று அவள் எப்போதோ போனில் சொல்லியிருந்தாள். அளவுக்காரருக்குச் சட்டென்று பொறி தட்டியது. முதலாளியிடம் கேட்டு, குடோனில் இருந்ததை அட்டைப்பெட்டியில் அடைத்து, கப்பல் கூலியைத் தன் கையிலிருந்து கட்டி அனுப்பிவைத்தார். முதல் பெட்டி போனபோது அவர் தலைமுடி கறுப்பு. இப்போது முடியே கொஞ்சம்தான் மிச்சம். ஒரு வருஷம்கூடப் பெட்டி தவறியதில்லை. மகள் படிப்புக்குக் கடன் வாங்கிய வருஷத்திலும் போனது.

வலதுகால் மட்டும் உள்ள பிள்ளைகளும் உலகத்தில் இருப்பார்கள் என்ற யோசனை, சத்தியமாக, அவர் மண்டையில் ஒருநாளும் உதிக்கவில்லை.

இல்லத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று, ஷூ போட்ட காலை முன்னால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி, கீழே தன் பெயரையும் எழுதிவைத்தார். வருகிறவர்களிடம், "ஏதோ நம்மால ஆனது" என்பார். அளவுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். பெட்டி போனால் சரி.

ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மனைவி கடைக்கு வந்தாள். வந்தவள் போட்டோவின் முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னங்க, ஓரத்துல நிக்கிற இந்தப் பொண்ணு காலை மாத்திப் போட்டிருக்கே."

"மாத்திப் போட அதுக்கு இன்னொரு கால் ஏது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இருக்கிறது வலதுகால். போட்டிருக்கிறது இடதுகால் ஷூ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஷூவின் மூக்கு வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அளவு இரண்டு என்று மனசு தானாகச் சொன்னது. அளவு சரியாகத்தான் இருந்தது, கால்தான் தப்பு. தினமும் பத்துத் தடவை பார்க்கிற படம். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே இல்லத்தில் இருந்த தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"ஆமாண்ணா, அவளுக்கு வலதுகால்தான்" என்றாள் அவள், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கைக்காசு போட்டு அனுப்புறீங்க. கால் சரியில்லைன்னு எப்படிண்ணா வாய்விட்டுச் சொல்றது? அவளும் பழகிட்டா. என்ன, நேரா கிளம்பினா கொஞ்சம் கொஞ்சமா வலதுபக்கம் போய்ச் சுவர்ல நிப்பா. ஊன்றுகோலால ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக்குவா. இப்ப பள்ளிக்கூடத்துக்கும் போறா."

அளவுக்காரருக்கு அன்று இரண்டு வேளையும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முதலாளி வருவதற்குள் ஷோகேஸில் இருந்த வலதுகால்களையெல்லாம் எடுத்துவிட்டு இடதுகால்களை அடுக்கிவைத்தார். இனி வெயில் இடதுகாலைத் தின்னட்டும், வலதுகால் மிஞ்சட்டும் என்பது அவர் திட்டம்.

கடை இரண்டு நாளில் தலைகீழானது. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல வலதுகாலை நீட்டினார்கள். விற்கிற பையன்கள் வழக்கம்போல ஷோகேஸில் இருந்ததை எடுத்து மாட்டினார்கள். "கடிக்குது" என்று ஒருவர் எழுந்து போனார். "உங்க கம்பெனி தரம் குறைஞ்சுபோச்சு" என்று இன்னொருவர் பாடம் எடுத்தார். வக்கீல் ஒருவர் இடதுகால் ஷூவை வலதுகாலில் போட்டுக் கடைக்குள் ஒரு சுற்று நடந்து பார்த்து, "அருமையா இருக்கு" என்று பில் போடச் சொன்னார். அவரைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார். "உனக்கு மூளை குழம்பிப்போச்சா? கடையைக் கவுக்கப் பாக்குறியா?" என்று குதித்தார்.

அளவுக்காரர் ஒளிக்காமல் விஷயத்தைச் சொல்லிப் போட்டோவைக் காட்டினார். முதலாளி உற்றுப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது. அவருக்கு அந்தப் பெண்ணின் கால் கண்ணில் படவில்லை. படத்தின் கீழே இருந்த தன் பெயர்தான் பட்டது. உடனே சட்டம் போடுகிறவரை வரவழைத்துப் போட்டோவை முழங்காலுக்குக் கீழே வெட்டச் சொன்னார். ஷூ தர்மத்துக்கு நன்றி சொல்லும் படத்தில் இப்போது ஷூ கிடையாது. பிள்ளைகள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதும் தெரியாது.

"ஒரு வலதுகால் ஷூதானே, புதுப் பெட்டியிலேருந்து எடுத்து அனுப்பிடு. ஷோகேஸை மட்டும் தொடாதே" என்று முடித்தார்.

அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த மத்தியானம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம், தங்கச்சி வீடியோவில் கூப்பிட்டாள். போனைப் பெட்டிகளின் மேல் சாய்த்துவைத்து அளவுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் செய்ததெல்லாம் கோணலாகிவிட்டதே, இதாவது நேராக வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பெண் ஷூவை மாட்டினாள். ஊன்றுகோலை எடுத்தாள். வராந்தாவில் நேராகப் போனாள், நேராகத் திரும்பி வந்தாள். எந்தச் சுவரும் குறுக்கே வரவில்லை. அளவுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்போது அவள் போனுக்குள் எட்டிப் பார்த்துத் தன் பாஷையில் ஏதோ கேட்டாள். தங்கச்சி தயங்கினாள்.

"என்னம்மா சொல்றா?"

"இதோட ஜோடி எங்கேன்னு கேக்குறாண்ணா."

"ஜோடியா? அவளுக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கால் இல்லைன்னு அவளுக்குத் தெரியாதாண்ணா? பள்ளிக்கூடத்துல ஷூவை வாசல்ல கழட்டி விடணும். இவளோடது மட்டும் ஒத்தையா கிடக்கும். பெருக்குற அம்மா, யாரோ தொலைச்சது போலன்னு எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்க. தினமும் இவ குப்பைத்தொட்டியில தேடித்தான் எடுத்துட்டு வரா. ரெண்டா இருந்தா யாரும் தூக்கிப் போட மாட்டாங்களாம்."

இத்தனை வருஷமாகத் தான் அனுப்பியதும் ஜோடி போய் மிஞ்சிக் கிடந்த ஒற்றைகளைத்தானே என்று நினைத்தபோது அளவுக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. அவள் கேட்ட ஜோடி குடோனில்தான் கிடந்தது, ஆனால் இனி மிச்சத்தை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து ஏணியைச் சாத்தி ஏறினார். ஒரு பெட்டியை இறக்கி, இரண்டு ஷூவையும் சேர்த்துப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"இது பிடிச்சிருக்கான்னு கேளு."

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"கலர் நல்லா இல்லையாம்."

இன்னொன்றை இறக்கினார். லேஸ் வேண்டாமாம். அடுத்தது கிழவி போடுகிற மாதிரி இருக்கிறதாம். அதற்கடுத்தது அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். தரையெல்லாம் பெட்டிகள். கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா கஸ்டமர்? ஆளையே காணோம்?"

"அளவு ரெண்டு, முதலாளி. காசை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"ஒரு காலுக்கு ரெண்டு ஷூவா?"

"ஜோடியாத்தானே நாம விக்கிறோம்."

முதலாளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போனில் அந்தப் பெண் எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்து முடித்து, கையை ஆட்டி ஏதோ சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா" என்றாள் தங்கச்சி. "வேற காட்டச் சொல்றா."

அளவுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஏணியில் ஏறினார்.