விடுதி வழக்கமும் ஐயாவின் கதிரையும்

அண்ணன் படித்த சர்வகலாசாலை விடுதியை நான் கண்டதில்லை. ஆனால் அதன் சட்டமெல்லாம் எனக்குப் பாடம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வாய்ப்பாடு பாதி மறந்துபோயிற்று. விடுதிச் சட்டம் மறக்கவில்லை.

கண்டிக்கு அங்கால் மலையடியில் அந்த விடுதி. சாப்பாட்டுக்கு மணி அடிக்கும். கிழமையில் ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டவேண்டும்; கட்டாமல் போனால் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். உயரத்தில் போட்ட மேசையில் விடுதித் தலைவர் இருப்பார். அவர் விரலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சாப்பிடத் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடங்கலாம்.

புதிதாகப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பு. அவருக்கு வாளியில் தண்ணீர் தூக்கவேண்டும், சப்பாத்துத் துடைக்கவேண்டும். முதல் விடுமுறையில் அந்த மூத்தவர் புதியவனின் வீட்டுக்கு வந்து ஒருவேளை சோறு தின்பார். திரும்பிப் போய் விடுதியின் தடித்த புத்தகத்தில் அதை எழுதுவார். அதன்பிறகுதான் புதியவன் விடுதிப் பிள்ளை. அதுவரைக்கும் வாளிக்காரன்.

பழைய வழக்கம் என்பார் அண்ணன். விடுதி கட்டி எட்டு வருசந்தான். எங்கள் குடியேற்றத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயலாக்கி இருந்தவர்கள் நாங்கள். எங்கள் வாய்க்கால் கரையில் குடியிருந்த அத்தனை வீட்டிலும் சர்வகலாசாலைக்குப் போனது அண்ணன் ஒருவர்தான். அம்மா தண்ணீர் அள்ளப் போனால் மற்றப் பெண்கள் வழி விடுவார்கள். அவ என்னவோ தனக்குப் பாரம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் போவா.

அந்த மூத்தவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஒருவரின் மகன். அவர் வருகிறார் என்று கடிதம் வந்ததிலிருந்து அண்ணனுக்கு நித்திரை இல்லை. எங்களுடையது மண்சுவர் வீடு, இலுக்குப்புல் கூரை. மேசை இல்லை. அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா கதவைக் கழற்றினார். இரண்டு உரலைக் கவிழ்த்து, அதன்மேல் கதவைப் போட்டார். அம்மா வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தா. பரந்தனில் கிளாக்கராக இருந்த மாமா நாலு கதிரையும், கரண்டியும், முள்ளுக்கரண்டியும் வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார். நான் சாம்பல் போட்டுக் கரண்டிகளை மினுக்கினேன்.

பிறகு அண்ணன் ஐயாவிடம் போனார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஐயா, நடுக் கதிரையில மாமா இருக்கட்டும். அவருக்கு இங்கிலிஸ் தெரியும்."

ஐயா மேசையாகக் கிடந்த கதவின் ஓரத்தைத் தடவினார்.

"அதுக்கென்ன தம்பி. கறி வாக்கவும் ஒரு ஆள் வேணுந்தானே."

அம்மா சட்டியைக் கொஞ்சம் உரக்க வைத்தா.

அன்று எங்களுக்கு முறைத்தண்ணீர். பத்து நாளுக்கு ஒருமுறை எங்கள் பக்க மதகைத் திறப்பார்கள். நின்று மறித்து வயலுக்குத் திருப்பாவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். மத்தியானம் தாண்டித்தான் வரும் என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சொல்லியிருந்தார்.

வந்தவரை அண்ணன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். நெட்டையான ஆள். வெள்ளைக் காற்சட்டை முழுக்கச் செம்மண். மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு நடுக் கதிரையில் இருந்தார். ஐயா மடித்துக் கட்டிய வேட்டியோடு, அகப்பையும் கையுமாக நின்றார். அம்மா சோறு போட்டு முடித்தா. மாமா அண்ணன் பழக்கினபடி இரண்டு தட்டுத் தட்டினார்.

வந்தவர் கதிரைக்குப் பின்னால் நின்றபடியே நின்றார்.

"வீட்டுக்காரர் ஆர்?" என்று கேட்டார்.

அண்ணன் ஐயாவைக் காட்டினார்.

"ஐயா இன்னும் இருக்கேல்லையே."

"நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி. வந்த ஆள் சாப்பிட்டாப் பிறகுதான் வீட்டுக்காரன். அதுதான் எங்கட வழக்கம்."

"எங்கட வழக்கம், தலைவர் கை வைச்சாப் பிறகுதான் மற்ற ஆக்கள்."

"எங்கடது பாட்டன் காலத்து வழக்கம்."

"எங்கடது எட்டு வருசந்தான் ஐயா. ஆனா புத்தகத்தில எழுதிக் கிடக்கு."

ஐயா சிரித்தார். ஆனால் அசையவில்லை. வந்தவரும் அசையவில்லை. சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. மாமா தட்டின விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். வந்தவர் சாப்பிடாமல் போனால் புத்தகத்தில் எழுதமாட்டார். அண்ணன் படிப்பு முடியும்வரை வாளி தூக்குவார் என்று நான் பயந்தேன். அண்ணனின் காது சிவந்துபோயிற்று.

கடைசியில் அண்ணன்தான் வாய் திறந்தார்.

"மாமா, கொஞ்சம் அங்கால இருங்கோ. அது ஐயான்ர கதிரை."

மாமா எழும்பினார். "அப்பாடா, இந்தக் கோட்டைக் கழட்டலாம்" என்றார்.

"ஐயா, வந்து இருங்கோ" என்றார் அண்ணன்.

ஐயா அகப்பையை அம்மாவிடம் கொடுத்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தட்டவெல்லாம் இல்லை. ஒரு பிடி சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். வந்தவரும் இருந்து, கையாலேயே குழைத்துத் தின்னத் தொடங்கினார். கரண்டியை ஒருவரும் தொடவில்லை. நான் மினுக்கினது வீண்.

"டேய், இப்பிடிக் கறி வைக்கிற வீட்டில இருந்து வந்தே விடுதிச் சாப்பாட்டை வாய் மூடித் தின்னுறாய்?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் அன்றுதான் முதலில் சிரித்தார்.

பாதிச் சாப்பாட்டில் வாய்க்கால் கரையிலிருந்து குரல் வந்தது. மதகைத் திறந்துவிட்டார்கள். ஐயா கையைக் கழுவி, மண்வெட்டியைத் தோளில் போட்டார். "குறை நினையாதேங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

உடனே வந்தவர் எழும்பினார். அண்ணனும் எழும்பினார். இருவரும் கையில் சோறு ஒட்டியபடி நேரே நின்றார்கள். சோற்றுக் கோப்பையில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது.

விரால்மீன் குழம்புக்கு உப்புப் போட்டது நான். உப்புக் கூடித்தான் எழும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். குசினிக்குள் ஓடி, சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புக் கூடின மாதிரியும் இருந்தது, கூடாத மாதிரியும் இருந்தது. அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். வெளியே வந்தபோது கோப்பைகள் வெறுமையாக இருந்தன. மிச்சத்தை நாய்க்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து இன்னும் அழுதேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணனின் பெயர் புத்தகத்தில் ஏறியது. ஐயா அந்த வருசம் முழுக்க அதைப்பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. ஆனால் வாய்க்கால் கரையில், ஆராவது கேட்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

ஐயா செத்து நெடுநாளைக்குப் பிறகு, அண்ணன் எனக்குச் சொல்லாமல் விட்ட சட்டம் ஒன்றைச் சொன்னார். விடுதித் தலைவர் எழும்பினால் மண்டபம் முழுக்க எழும்பவேண்டும். அவர் கண்ணுக்கு மறையும்வரை நிற்கவேண்டும். பிறகு இருந்து சாப்பிடலாம். வேறு ஒருவருக்கும் அந்த மரியாதை இல்லை.

"ஒருக்கா ஒரு மந்திரி வந்து சாப்பிட்டிட்டு எழும்பினவர். ஒருத்தரும் அசையேல்லை" என்றார் அண்ணன்.

ஐயா வரம்பில் ஏறி, வளைவு திரும்பி மறையும்வரை அந்த இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, உப்புக்கு அழுதேன்.