இருபது முகப் பகடையும் ஏழரை மணி சீரியலும்

கதை சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இரண்டு பயம் உண்டு: கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்பது ஒன்று, எழுந்து போகாமல் கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. வீட்டில் நாலு பேரை ஒரே இடத்தில் உட்காரவைத்து ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிமுடிக்கப் பார்த்தவர் நீங்கள் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஒன்பது வருஷம் டி.வி. சீரியல்களுக்கு வசனம் எழுதினேன். ஒரு நாள், நான் எழுதிக்கொண்டிருந்த தொடரை அடுத்த வாரத்தோடு நிறுத்துகிறார்கள் என்று போன் வந்தது. கதாநாயகி அப்போது கோமாவில் இருந்தாள். ஐந்தே எபிசோடில் அவளை எழுப்பி, எல்லாரையும் மன்னிக்கவைத்து, சுபம் போட்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள், எனக்கு வேலை போனது. அப்போதுதான் என் நண்பன் ரமேஷ், கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டைலர் கடைக்கு மேலே போர்டு கேம் கடை திறந்திருந்தான். "சனிக்கிழமை மத்தியானம் ஒரு டேபிளுக்குக் கதை ஓட்டணும். நீதான் மாஸ்டர்" என்றான். சரி என்றேன். அந்த டேபிளில் நடந்தவைதான் இவை.

எந்த மாஸ்டர்?

கேம் மாஸ்டர் என்பதுதான் வேலையின் பெயர். நம் ஊரில் மாஸ்டர் என்றால் முன்னால் டீயோ பரோட்டாவோ டான்ஸோ இருக்க வேண்டும். எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா, "என்ன மாஸ்டர்?" என்று கேட்டபோது வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே விளக்கினேன். "நாலு பேர் மேஜையைச் சுத்தி உக்காருவாங்கம்மா. ஒவ்வொருத்தரும் கதைல ஒரு ஆள். ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி. சுத்தி என்ன நடக்குதுன்னு நான் சொல்லுவேன். அதுக்கு என்ன செய்யறாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. அது பலிக்குமான்னு இருபது முகம் இருக்கற பகடையை உருட்டிப் பாப்போம். பெரிய நம்பர் வந்தா பலிக்கும், சின்ன நம்பர் வந்தா சொதப்பும். மிச்சக் கதை அடுத்த சனிக்கிழமை."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்பீங்களா?" ஆமாம் என்றேன். "வில்லன் உண்டா?" உண்டு. "கடைசிலதான் மாட்டுவானா?" கடைசியில்தான். அவர் முகம் தெளிந்தது.

"இது சீரியல்தானே! டி.வி. மட்டும் இல்ல. கரண்டு போனாலும் நடக்கும். நல்ல தொழில் தம்பி, விட்றாதீங்க."

சண்டையை விலக்க வந்தவர்

முதல் சனிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் பாபு, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிரகாஷ். அவர் மனைவி நித்யா, வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர். சோதனைக்கு ஒரு சின்னச் சண்டை வைத்தேன். பாபுவுக்குப் பகடையில் இருபது விழுந்ததும், "ஒரே வெட்டு! தல தனியா, உடம்பு தனியா!" என்று அவர் கத்தியது ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

தடதடவென்று படியேறி ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் ஊசி குத்திய ரவிக்கைத் துணி. பார்வதி அக்கா, ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், சொந்த ஊர் திருநெல்வேலி. கீழே டைலரிடம் அளவு கொடுக்க வந்தவர், மேலே யாரோ யாரையோ வெட்டுகிறார்கள் என்று ஓடிவந்திருக்கிறார். பாபு எழுந்து பகடையைக் காட்டி மன்னிப்புக் கேட்டார். அக்கா மேஜையைப் பார்த்தார், எங்கள் நாலு பேரையும் பார்த்தார், காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, வெட்டியாச்சு. அவன் பொண்டாட்டி பிள்ளையளுக்கு யாரு போயி சொல்லுதது?"

மேப்பும் மாங்கல்யமும்

இந்த விளையாட்டில் கதை வழக்கமாக ஒரு சத்திரத்தில் ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத நாலு பேர் அங்கே கூடுவார்கள், ஒரு கிழவர் வந்து புதையலுக்கு மேப் கொடுப்பார். சீரியலில் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்ட வேண்டுமென்றால் கல்யாணம் வைப்போம். பழக்க தோஷம், நானும் சத்திரத்தைக் கல்யாண மண்டபமாக்கினேன். சோழநாடு மாதிரி ஓர் ஊர், பந்தல், மேளம். பந்திக்கு நடுவே கிழவர் வந்து மேப்பை நீட்டினார். அந்த மேப்பை வரைய எனக்கு மூன்று நாள் ஆனது. டீத்தண்ணியில் நனைத்து, ஓரத்தைக் கருக்கி, பழசாக்கி வைத்திருந்தேன்.

சும்மா இருக்காமல், மணப்பெண் லேசாகக் கண் கலங்கியிருந்தாள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான். ஏன் அழுகிறாள், மாப்பிள்ளைக்கு என்ன வயசு, அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறதா என்று மூன்று மணி நேரம் விசாரணை. எனக்கே தெரியாத பதில்களை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கினேன். கடைசியில் கல்யாணத்தை நிறுத்தி, பெண்ணைக் குதிரை ஏற்றி அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். கிழவர் மேப்பை நீட்டியபடியே நின்றிருந்தார். நான் மெல்ல நினைவூட்டினேன். பார்வதி அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மேப்பு எங்கயும் ஓடிப்போவாது தம்பி. அந்தப் பிள்ளை கழுத்துல தாலி ஏறிட்டுன்னா எறக்க முடியுமா?"

வீலபாலன்

சீரியலில் ஒரு நாள் கூலிக்குத் தட்டு ஏந்திக்கொண்டு வருகிற ஆள், ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் ஆறு மாதத்தில் கதாநாயகனின் தாய்மாமன் ஆகிவிடுவார். எங்களுக்கும் அதே கதிதான். கோட்டை வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தேன். "யாரது?" என்று கேட்டுவிட்டு வழிவிடுவது மட்டும்தான் அவன் வேலை. பாபு நின்று, "நைனா, உன் பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டார். பேர் வைக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்க் கடை போர்டில் 'வீல் பேலன்ஸிங்' என்பதைப் புங்கமரம் பாதி மறைத்திருந்தது. "வீல... பாலன்" என்றேன்.

அன்றிலிருந்து பாபு எந்த ஊருக்குப் போனாலும் வீலபாலனுக்கு ஏதாவது வாங்கிவருவார். அவனுக்கு ஒரு அம்மா வந்தாள், அவளுக்கு முட்டிவலி வந்தது, அதற்கு மூலிகை தேடி நாலு வாரம் காட்டில் அலைந்தார்கள். நாட்டைப் பிடிக்க எதிரி ராஜா படையோடு வருகிறான் என்று நான் எச்சரித்தபோது பாபு தீர்மானமாகச் சொன்னார்:

"ராஜா பூட்டா வேற ராஜா வருவாரு அண்ணாத்தே. வீலபாலனுக்கு எதனா ஆச்சு, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

இனி இவருக்குப் பதில் இவர்

பிரகாஷை ஆபீஸில் இரண்டு மாதம் புனேவுக்கு அனுப்பினார்கள். அவர்தான் கதையில் மந்திரவாதி. மந்திரவாதியைத் தூங்கவைத்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், நித்யா தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சரோஜா அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள் மாறியதை எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். "அதெல்லாம் வேணாம் சார். ஏழரை மணி சீரியல்ல மூணு தடவ அப்பாவை மாத்திட்டாங்க, நாங்க கேட்டோமா?" என்று சொல்லிவிட்டு மகனின் இடத்தில் உட்கார்ந்தார்.

மந்திரம் பலிக்காதபோதெல்லாம் "லைன் கிடைக்கல" என்பார். பலித்தால், "பேசுங்க, லைன்ல இருக்காங்க!" நித்யா கதையில் ஒற்றர் தலைவி. ஒரு வாரம் எதிரிகள் அவரைப் பிடித்துச் சுரங்கத்தில் அடைத்தார்கள். தான் மட்டும் தப்பிக்க நல்ல வழி இருந்தும், சரோஜா அம்மா தன்னிடம் மிச்சமிருந்த மூன்று மந்திரத்தையும் செலவழித்து மருமகளை மீட்டார். நித்யா அன்றைக்கு டீ குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், வீட்டில் இரண்டு பேரும் குக்கர் எத்தனை விசில் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதே இல்லையாம். இப்போது பட்டரவாக்கம் ரோடு முழுக்கச் சுரங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்களாம்.

பிரகாஷ் திரும்பி வந்த சனிக்கிழமை, உரிமையோடு தன் நாற்காலிக்குப் போனார். அதில் அவர் அம்மா. "எழுந்திரும்மா, நான் வந்துட்டேன்ல" என்றார். சரோஜா அம்மா பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"நீ வேற வேஷம் பாத்துக்கோடா. ஜனங்க என்னை ஏத்துக்கிட்டாங்க."

கால்ஷீட்

போன தையில் வடபழனியிலிருந்து கூப்பிட்டார்கள். புதுத் தொடர், வசனம் எழுத ஆள் வேண்டும், திங்கள் முதல் சனி வரை வேலை. ஒன்பது வருஷம் செய்த தொழில், கூப்பிட்டதும் கால் தானாகவே கிளம்பியது. சனிக்கிழமை மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாபு பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். பிரகாஷ் சாவியை எடுத்தார், வைத்தார். பார்வதி அக்கா மட்டும், "பொழப்பு முக்கியம் தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை வடபழனி போய், தொடரின் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, வருகிறேன், ஆனால் சனிக்கிழமை மட்டும் முடியாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன், இன்னொரு சீரியல் பண்றீங்களா?" ஒரு வகையில் ஆமாம் என்றேன். "எவ்ளோ நாளா ஓடுது?" ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "பரவாயில்லையே, எங்க?" கொரட்டூர் என்றேன். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. அந்தக் கவலையில்தான் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"கொரட்டூரா? புது சேனலா சார்? எங்க ஊட்டு டிஷ்ல வரலியே!"

ஒன்று

இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மன்னிப்பே கிடையாது. பார்வதி அக்கா கதையில் செண்பகம் என்கிற வில்லாளி. அன்றைக்கு ஒரு கயிற்றுப் பாலம் அறுந்துகொண்டிருந்தது. மற்ற நாலு பேரும் அக்கரை போகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றார். நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக அவர் தாண்ட வேண்டும். உருட்டினார். ஒன்று.

"இன்னொருதபா உருட்டலாம்ல அண்ணாத்தே?" என்றார் பாபு. ஆற்றில்தானே விழுந்தாள், உடம்பு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் நித்யா. செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு ஒன்பது வருஷ அனுபவம். இரட்டைச் சகோதரி, நினைவு தப்பியது, மீனவர் குடிசை என்று மூன்று வழி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அக்கா பகடையின் மேல் கையை வைத்து மூடினார்.

"வேண்டாம் தம்பி. போன ஐப்பசில எங்க அக்கா போயிட்டா. நான் ட்ரெயினைப் புடிச்சு ஊரு போய்ச் சேருமுன்ன எல்லாம் முடிச்சிட்டாவ. மொகத்தைக்கூடப் பாக்கல. டி.வி.ல செத்தவளுவ எல்லாம் பொட்டு வச்சுக்கிட்டு திரும்பி வாரதப் பாத்தா எனக்கு அப்படி எரிச்சல் வரும். இவளையாவது நாம எல்லாரும் நின்னு ஒழுங்கா அனுப்பி வைப்போம்."

அனுப்பிவைத்தோம். ஒரு மணி நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. கதையில் செண்பகத்தின் உடலை ஆற்றங்கரையில் கிடத்தி, அவரவர் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். நித்யா அவள் வில்லைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். சரோஜா அம்மா ஒரு மந்திரம் சொன்னார், ஆறு முழுக்க அகல் விளக்கு மிதந்தது. பலிக்குமா என்று நான் கேட்கவில்லை. வாங்கிவைத்த வாழைக்காய் பஜ்ஜி பொட்டலத்திலேயே ஆறிப்போனது. பார்வதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, ஆறின பஜ்ஜி ஒன்றை எடுத்துக் கடித்து, என் பக்கம் கை நீட்டினார்.

"அழுது முடிச்சாச்சு. புது ஆளு எழுதப் பேப்பரைக் குடுங்க தம்பி. நல்லவளா இருந்து பாத்தாச்சு, இந்தத் தடவ திருடியா வாரேன்."

வாரத்தில் ஐந்து நாள் முகம் தெரியாத ஜனங்களுக்கு எழுதுகிறேன், ஒருவரும் என்னை மறுத்துப் பேசுவதில்லை. சனிக்கிழமை ஐந்து பேருக்குக் கதை சொல்கிறேன், ஒருவரும் நான் சொன்னபடி நடப்பதில்லை. ஆனாலும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நான் கிளம்புவது சனிக்கிழமை மட்டும்தான்.