கிளியம்மாளின் பாவும் குட்டி விமானமும்

தறியில் ஏற்றுமுன் தரையில் நீளமாக விரித்துக் காயவைக்கும் நூல் பாவை யாரும் தாண்டக்கூடாது என்பதில் அனகாபுத்தூர் கிளியம்மாள் கறார். தாண்டினால் தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்குமாம். புருஷன் போனபின் ஒற்றைத் தறியில் இரண்டு பெண்களை வளர்த்தவள். நாயைக்கூடச் சுற்றித்தான் போகவைப்பாள்.

எண்பத்தேழில், பங்குனிக் காலையொன்றில், அடையாற்றங்கரைப் பொட்டலில் கஞ்சி போட்ட பாவு காய்ந்துகொண்டிருந்தது. அது கெட்டால் அடுத்த பாவுக்கு அவளிடம் நூல் இல்லை.

பக்கத்து விமான நிலையத்துக்குத் தலைக்கு மேல் போகும் பெரிய விமானங்களை அவள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இது வேறு. தும்பியைப்போல் ஒன்று இருமிக்கொண்டே வந்து, கல்லும் முள்ளுமான தரையில் குதித்து, நாலு எட்டு ஓடி நின்றுவிட்டது.

இறங்கிய விமானி தோத்தாத்ரி பெட்ரோல் குழாயில் அடைத்திருந்த தூசியை எடுத்துவிட்டு அவளிடம் வந்தார்.

“பெரிய ப்ளேன் வரதுக்குள்ள கெளம்பணும்னு ரேடியோல சொல்றாம்மா. காத்து உங்க பாவு பக்கத்துலேர்ந்து வரது. எதிர்காத்துலதான் ஏறணும்.”

“சுருட்டிடலாமா அண்ணி?” என்றான் கொழுந்தன் லோகநாதன்.

“ஈரக் கஞ்சி. இப்ப சுருட்டினா ஒட்டிக்கினு கட்டையா பூடும்.”

“அப்ப சார் தாண்டித்தான் போவணும். எங்கண்ணனையே சுத்திப் போவ வெச்சவங்க சார் இவங்க.”

தோத்தாத்ரி சிரிக்கவில்லை. “காக்கா மேல போனா?”

“காக்கா பறக்குது. நீங்க தரையில ஓடியாந்து தாண்டுவீங்களே சார்,” என்றாள் கிளியம்மாள்.

“பாவுக்கு ரொம்ப முன்னாடியே எழும்பிடும்மா. கரடுமுரடுல, கொஞ்ச எடத்துல ஏறி எறங்கன்னே செஞ்சது.”

கிளியம்மாள் பாவையும் சக்கரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஓடியாந்தாதான் தாண்டறது. ஆகாசத்துல போனா, போறது. போங்க சார்.”

சொல்லிவிட்டாளே தவிர, பாவின் ஓரத்து மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் உறுமியது. புழுதியெல்லாம் பின்னால் போயிற்று. ஓடத் தொடங்கியதுதான் தெரியும். அடுத்த மூச்சில் சக்கரங்களுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ கயிறு கட்டித் தூக்கியதுபோல் அது நேரே மேலே போயிற்று. நிழல் மட்டும் நூல்களின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

சக்கரத் தடம் முடிந்த இடத்துக்கு அவள் நடந்துபோனாள்.

“லோகு, இங்கேர்ந்து பாவு வரிக்கும் ஒரு வூடே கட்லாம் போலகீது.” விமானம் மறைந்த திசையை விட்டு அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

அந்தப் பாவு தறி ஏறியபோது, எல்லாப் பாவிலும்போல அங்கங்கே நூல் அறுந்தது. “அன்னிக்கு ப்ளேன் தாண்டிச்சே, அதான் அண்ணி,” என்று சீண்டினான் லோகநாதன்.

“அது தாண்டல,” என்றாள் கிளியம்மாள், அறுந்ததை முடிந்தபடி. “அது போச்சு.”